உங்களுக்குத் தெரியுமா? ஆப்பிரிக்கப் பீரங்கி வீரர்களின் போர்க்கதை

1944 பிப்ரவரி 12, சனிக்கிழமை. கென்யாவின் மொம்பாசாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு துருப்புக் கப்பல் மாலத்தீவுக் கடலில் இரண்டே நிமிடத்தில் மூழ்கியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு முழுப் பீரங்கி ரெஜிமென்ட் அதில் இருந்தது. உலகப் போர்களில் ஆப்பிரிக்கப் பீரங்கி வீரர்கள் பட்ட பாடும் காட்டிய தீரமும் நம் பாடப் புத்தகங்களுக்கு வந்து சேரவே இல்லை. நம் வாசலுக்கு அருகே வந்து முடிந்துபோன அவர்களின் கதையிலிருந்து சில துளிகள் இங்கே.

ரெஜிமென்ட்டின் எண் 301

அந்தப் படையின் முழுப்பெயர் 301வது களப் பீரங்கி ரெஜிமென்ட், கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படை. கப்பலில் இருந்த 1,511 பேரில் அதிகாரிகளும் வீரர்களுமாக 996 பேர் இந்த ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். கப்பலோடு போனவர்கள் 1,297 பேர். பிழைத்தவர்கள் 214 பேர் மட்டுமே. அந்த 214 பேரும் இந்த ரெஜிமென்ட்டின் ஆட்களே என்று வைத்துக்கொண்டாலும், 780க்கு மேற்பட்ட பீரங்கி வீரர்கள் ஒரே பிற்பகலில் மாண்டிருக்கிறார்கள். ஆசியப் போர்முனையை எட்டிப் பார்க்கும் முன்பே ஒரு ரெஜிமென்ட் அழிந்துவிட்டது.

பீரங்கியைத் தரத் தயங்கியவர்கள்

1857 கிளர்ச்சியில் சிப்பாய்கள் பீரங்கிகளைத் தங்கள் எஜமானர்கள் மீதே திருப்பினார்கள். அந்தப் பாடத்தை பிரிட்டன் மறக்கவில்லை. இந்தியரிடம் சில மலைப் பீரங்கிகளை மட்டும் விட்டுவைத்து, களப் பீரங்கிகளை வெள்ளையர் கையில் வைத்துக்கொண்டது. இந்திய வீரர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படை 1935 ஜனவரி 15 அன்றுதான் பெங்களூரில் உருவானது. கிழக்கு ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலும் அதே எச்சரிக்கை. 1902இல் உருவான கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படைக்குத் துப்பாக்கிதான் ஆயுதம். இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி வந்த பிறகே கிழக்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டு பீரங்கி ரெஜிமென்ட்கள் திரட்டப்பட்டன.

முதல் குண்டு ஆப்பிரிக்க மண்ணில்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சார்பில் முதன்முதலாகத் துப்பாக்கியால் சுட்டவர் ஓர் ஆங்கிலேயர் அல்லர். கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) ரெஜிமென்ட்டைச் சேர்ந்த அல்ஹாஜி குருன்ஷி என்ற ஆப்பிரிக்கச் சிப்பாய் அவர். 1914 ஆகஸ்டில், ஜெர்மனி வசமிருந்த டோகோலாந்துக்குள் நுழைந்தபோது அவர் சுட்டார். ஜெர்மானியரின் கமினா வானொலி நிலையம்தான் அந்தப் படையெடுப்பின் இலக்கு. பெர்லினுக்கும் கடலில் திரிந்த ஜெர்மன் கப்பல்களுக்கும் செய்தி போய்வந்த நிலையம் அது. ஆகஸ்டு 24 இரவு ஜெர்மானியர்களே அதைத் தகர்த்துவிட்டு, இரண்டு நாளில் சரணடைந்தார்கள்.

பீரங்கியைத் தலையில் சுமந்தவர்கள்

குதிரையும் கோவேறுகழுதையும் இழுக்க வேண்டிய பீரங்கியை மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்கள் தலையில் சுமந்தார்கள். ட்செட்சி என்ற ஈ கடித்தால் கால்நடைகள் நோய்கண்டு சாகும். அந்த ஈ நிறைந்த காடுகளில் இழுவை விலங்குகளை வைத்துப் போர் நடத்த வழியில்லை. அதனால் மேற்கு ஆப்பிரிக்க எல்லைப் படைக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய 2.95 அங்குல மலைப் பீரங்கி தரப்பட்டது. மொத்த எடை சுமார் 375 கிலோ. குழாய், சக்கரம், அச்சு, தாங்கி என்று பிரித்து, ஆளுக்கொரு பாகமாகவோ பலர் சேர்ந்தோ தூக்கிச் செல்வார்கள். சண்டை தொடங்கியதும் இறக்கிப் பூட்டி, 5.7 கிலோ குண்டுகளைச் சுடுவார்கள். முடிந்ததும் மீண்டும் கழற்றித் தலையில் ஏற்ற வேண்டும். எதிரி குறிபார்க்கும் இடத்தில் சுமையோடு நிமிர்ந்து நடந்த இவர்கள் கையில் துப்பாக்கி ஏந்த இடமில்லை.

பாளையங்கோட்டைப் பெயரோடு ஒரு தோல்வி

1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஒரு படை போனது. 63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் அதில் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து களைத்துப்போன வீரர்கள், ஓய்வுகூட இல்லாமல் காட்டுக்குள் அனுப்பப்பட்டுச் சிதறினார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த 28வது மலை பேட்டரியின் பீரங்கிகள் கரைக்கே இறக்கப்படவில்லை. கப்பல் தளத்தில் கட்டியபடியே அவற்றிலிருந்து சுட்டார்கள். பீரங்கித் துணையில்லாமல் காலாட்படையை ஏவினால் என்ன நடக்கும் என்பதற்கு டாங்கா கசப்பான சான்று. பழி மட்டும் சிப்பாய்களின் தலையில் விழுந்தது.

கடலிலிருந்து காட்டுக்கு வந்த பீரங்கிகள்

ஜெர்மன் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க், ருஃபிஜி ஆற்றுக் கழிமுகத்தில் சிக்கி 1915 ஜூலை 11 அன்று முடிந்துபோனது. ஜெர்மானியர்கள் அதன் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளையும் நீரிலிருந்து மீட்டு, சக்கரங்கள் பூட்டி, தரைப்போருக்குக் கொண்டுபோனார்கள். சேற்றிலும் மேட்டிலும் அவற்றை இழுத்தவர்கள் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். அந்தப் பீரங்கிகளில் மூன்று இன்றும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒன்று, உகாண்டாவின் ஜின்ஜாவில் ஒன்று, மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையில் ஒன்று. கோனிக்ஸ்பெர்க் 1914 செப்டம்பரில் சான்சிபார் துறைமுகத்தில் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல் பெகாசஸ். அதன் பீரங்கி ஒன்றும் அதே மொம்பாசாக் கோட்டையில்தான் இருக்கிறது.

வரலாறு எழுதிய ஆளுநர்

கோல்டு கோஸ்ட் ரெஜிமென்ட் 1916 ஜூலையில் தன் பீரங்கிகளோடு கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் கப்பலில் போனது. அங்கே அது நடத்திய போரின் வரலாற்றை 1920இல் நூலாக எழுதியவர் ஹியூ கிளிஃபர்டு. அப்போரின்போது கோல்டு கோஸ்ட்டின் ஆளுநராக இருந்தவர். பிறகு நைஜீரியாவுக்கும், 1925இல் இலங்கைக்கும் ஆளுநரானார்.

பெயரில்லாத லட்சம் பேர்

கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் பிரிட்டன் சுமைதூக்கச் சேர்த்தவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். உணவும் குண்டும் அவர்கள் தலைமேல்தான் நகர்ந்தன. பசியாலும் வயிற்றுப்போக்காலும் மலேரியாவாலும் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படியே சுமார் 95,000. அவர்களுக்குத் தனிக் கல்லறையும் இல்லை, கல்லில் பெயரும் இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி அஞ்சலி செலுத்தப்படவில்லை என்றது அறிக்கை. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். நூறாண்டு கழித்து வந்த அந்த ஒப்புதலைக் கேட்க அவர்களின் பிள்ளைகள்கூட இல்லை.

நாலே நாலு பீரங்கி

1940 ஆகஸ்டில் இத்தாலி பிரிட்டிஷ் சோமாலிலாந்துக்குள் புகுந்தது. டக் ஆர்கன் கணவாயில் அதைத் தடுக்க நின்ற படைக்குத் துணையாக இருந்தது 1வது கிழக்கு ஆப்பிரிக்க இலகு பேட்டரி. அதனிடம் இருந்தவை நான்கு 3.7 அங்குல ஹோவிட்சர்கள் மட்டுமே. குன்றுகள் பல, பீரங்கிகளோ நான்கு. ஆகஸ்டு 11 முதல் 15 வரை ஆப்பிரிக்க, இந்திய, ஸ்காட்லாந்து வீரர்கள் சேர்ந்து தாக்குப்பிடித்தார்கள். பிறகு பெர்பெரா துறைமுகம் வழியாக ஏடனுக்குப் பின்வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டன் அந்த நிலத்தை மீட்டது.

மடகாஸ்கருக்குப் போன உகாண்டா பேட்டரி

ஜப்பானிய நீர்மூழ்கிகள் மடகாஸ்கரைத் தளமாக்கிக்கொண்டால் இந்தியாவுக்கும் எகிப்துக்கும் போகும் கப்பல் வழி அறுந்துவிடும் என்று பிரிட்டன் அஞ்சியது. அந்த அச்சம் வீணல்ல. 1942 மே 30 அன்று ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் தீவின் டியேகோ சுவாரஸ் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, ராமிலீஸ் என்ற பெரிய போர்க்கப்பலைச் சேதப்படுத்தின. அந்தத் தீவைக் கைப்பற்றும் போரில் செப்டம்பரில் இறங்கிய 22வது கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிகேடோடு 56வது உகாண்டா களப் பீரங்கி பேட்டரியும் போனது. சாலை நெடுகிலும் வெட்டிப்போட்ட மரங்களையும் கற்குவியல்களையும் அகற்றிக்கொண்டே பீரங்கிகளை நகர்த்தினார்கள். தீவை அதுவரை வைத்திருந்த, ஜெர்மனிக்கு இணங்கிய விஷி பிரெஞ்சு அரசின் படை நவம்பர் முதல் வாரத்தில் பணிந்தது.

ஒரு களப் பீரங்கி ரெஜிமென்ட் என்றால் என்ன?

பிரிட்டிஷ் முறைப்படி ஒரு ரெஜிமென்ட்டுக்கு மூன்று பேட்டரி, பேட்டரிக்கு எட்டுப் பீரங்கி, ஆக 24. அந்தக் காலத்தின் பெயர்பெற்ற பீரங்கி 25 பவுண்டர். 11.3 கிலோ குண்டைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு வீசும். ஒரு பீரங்கியை இயக்க ஆறு பேர் வேண்டும். சுடுபவர்கள் தவிர முன்னணியில் ஒளிந்து இலக்கைப் பார்த்துச் சொல்பவர், தொலைபேசிக் கம்பி இழுப்பவர், வானொலி இயக்குபவர், தூரமும் கோணமும் கணக்கிடுபவர், வண்டி ஓட்டுபவர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் என்று பெரிய கூட்டமே உழைக்கும். இவ்வளவு வேலைகளையும் கற்றுத் தேர்ந்தவர்கள் அந்த ஆப்பிரிக்க இளைஞர்கள். நுட்பமான வேலை ஆப்பிரிக்கருக்கு வராது என்ற குடியேற்ற ஆட்சியின் பேச்சுக்கு அவர்களின் கைகளே மறுப்பு.

கொழும்பில் விழுந்த குண்டும் மொம்பாசாவும்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. பிரிட்டனின் கிழக்குக் கடற்படை மொம்பாசாவின் கிலிண்டினித் துறைமுகத்துக்குத் தன் தளத்தை மாற்றிக்கொண்டது. எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் பிரிவும் கூடவே போனது. போரின் போக்கு திரும்பியதும் கடற்படை மறுபடி இலங்கைக்கு வந்தது. அதன் பின்னே அலுவலர்களும் செவிலியர்களும் துருப்புகளும் மொம்பாசாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். 301வது ரெஜிமென்ட் ஏறியது அப்படிப்பட்ட ஒரு கப்பல்வரிசையில்.

மூன்று நாடுகளின் கப்பல்

301வது ரெஜிமென்ட் ஏறிய கப்பல் 1922இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் கட்டப்பட்டபோது அதன் பெயர் அகோன்காகுவா. சிலி நாட்டு நிறுவனத்துக்காக ஓடியது. 1935இல் எகிப்து நிறுவனம் ஒன்று வாங்கி, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட காலத்து எகிப்து ஆட்சியாளரின் நினைவாக கெடிவ் இஸ்மாயில் என்று பெயரிட்டது. 1940இல் பிரிட்டன் அதைத் துருப்புக் கப்பலாக்கியது. பயணிகளுக்கான கப்பல், போர்க்காலத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேரை அடைத்துக்கொண்டு போனது.

இரண்டு நிமிடம்

சிட்டி ஆஃப் பாரிஸ், வர்சோவா, எல்லெங்கா, எக்மா, கெடிவ் இஸ்மாயில் என ஐந்து துருப்புக் கப்பல்கள் அந்த வரிசையில். காவலுக்கு ஹாகின்ஸ் என்ற குரூஸரும், பலடின், பெட்டார்டு என்ற இரண்டு நாசகாரிகளும். பிப்ரவரி 12 பிற்பகல் இரண்டரை மணியளவில் வரிசை மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்கு அருகே வந்திருந்தது. கெடிவ் இஸ்மாயிலின் உள்தளத்தில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது; பலர் அங்கே கூடியிருந்தார்கள். ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி ஏவிய இரண்டு டார்பிடோக்கள் கப்பலைத் தாக்கின. உள்ளே இருந்தவர்கள் படியேறும் முன்பே கப்பல் சாய்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் அடியில் போய்விட்டது. உயிர்காப்புப் படகுகளை இறக்க நேரமே இல்லை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் கண்ட மிகப்பெரிய கப்பல் பேரழிவுகளில் இது ஒன்று.

தத்தளித்தவர்களின் நடுவே வெடித்த குண்டுகள்

தப்பித்து நீந்தியவர்களின் சோதனை அத்தோடு முடியவில்லை. நீர்மூழ்கி அவர்களுக்கு அடியில் பதுங்கியிருந்தது. அதை விட்டுவைத்தால் மீதி நான்கு கப்பல்களில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்கும் அதே கதி. பலடின் படகுகளை இறக்கி ஆட்களைத் தூக்கத் தொடங்கியது. பெட்டார்டோ நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டது. தண்ணீரில் உயிரோடு இருந்தவர்களில் சிலர் அந்த வெடிப்புகளில் இறந்தார்கள். மூன்றாவது முறை குண்டு போட்டபோது நீர்மூழ்கி மேலே வந்தது. அதை மோதப்போன பலடினின் அடிப்பகுதி கிழிந்தது. பெட்டார்டு டார்பிடோ டார்பிடோவாக ஏவி, கடைசியில் ஐ-27ஐ உடைத்தது. சண்டை சுமார் இரண்டரை மணி நேரம் நீடித்தது. முடங்கிய பலடினை பெட்டார்டு அட்டு வரை இழுத்துச் சென்றது. பிழைத்தவர்கள் அங்கேதான் கரை கண்டார்கள். குண்டு போட ஆணையிட்டவர்களைக் குற்றம் சொல்வது எளிது. அந்த இடத்தில் நின்று வேறு முடிவு எடுத்திருக்க முடியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆழ்கடலில் சிட்னியின் எதிரி

ஐ-27 ஏற்கெனவே பேர்போன நீர்மூழ்கி. 1942 மே 31 இரவு ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்த மூன்று குட்டி நீர்மூழ்கிகளில் ஒன்றைச் சுமந்து வந்து விட்டது இதுவே. சில நாளில் அயர்ன் கிரவுன் என்ற ஆஸ்திரேலியச் சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தது. பின்னர் மலேயாவின் பினாங்கைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடியது. அதன் மாலுமிகளிலும் ஒருவர்தான் பிழைத்தார்.

பெட்டார்டின் தனிப்பெருமை

ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்று எதிரி நாடுகளின் நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்த பெருமை பெட்டார்டுக்கு உண்டு. 1942 அக்டோபரில் யூ-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அது மடக்கியபோது, மூழ்கிக்கொண்டிருந்த அதனுள் இறங்கி ரகசிய எழுத்துக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துத் தந்தார்கள் டோனி ஃபாசன், காலின் கிரேசியர் என்ற இரு மாலுமிகள். இருவரும் நீர்மூழ்கியோடு மூழ்கிப்போனார்கள். எனிக்மா இயந்திரத்தால் மறைத்து அனுப்பப்பட்ட ஜெர்மன் கடற்படைச் செய்திகளைப் பிரிட்டன் மறுபடி படிக்க அந்தப் புத்தகங்களே வழி திறந்தன. இந்த இருவரின் பெயரும் உலகுக்குத் தெரியும். அதே கப்பலின் கண்முன்னே மாண்ட நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கர்களில் ஒருவர் பெயரையாவது நாம் கேட்டதுண்டா?

ஆறு பெண்கள்

கெடிவ் இஸ்மாயிலில் 83 பெண்கள் இருந்தார்கள். ராணுவச் செவிலியர்கள், கடற்படைப் பெண்கள் பிரிவினர், துணைச் சேவைப் பெண்கள் என்று பல பணியினர். பிழைத்தவர்கள் ஆறு பேர். காமன்வெல்த் படைகளின் வரலாற்றில் சேவைப் பெண்கள் இத்தனை பேர் ஒரே நிகழ்வில் இறந்தது வேறெங்கும் இல்லை.

இலங்கையில் பயிற்சி, பர்மாவில் போர்

301வது ரெஜிமென்ட் புறப்படும் முன்பே 11வது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன் இலங்கையில் காட்டுப்போர்ப் பயிற்சி பெற்றுவந்தது. கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா, நியாசலாந்து, வடரொடீசியா நாட்டு இளைஞர்கள் அதில் இருந்தார்கள். கண்டிப் போர்க் கல்லறையில் இன்றும் கிழக்கு ஆப்பிரிக்கர்களின் கல்லறைகளைக் காணலாம். 1944 நடுவில் இந்த டிவிஷன் பர்மா எல்லைக்குப் போய், கொட்டும் மழையில் கபாவ் பள்ளத்தாக்கில் இறங்கியது. மலேரியாவும் உண்ணிக் காய்ச்சலும் மலிந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு வீரர்கள் வைத்த பெயர் மரணப் பள்ளத்தாக்கு. சேற்றில் மரத்துண்டுகளை அடுக்கிப் பாதை போட்டு வண்டிகளையும் பீரங்கிகளையும் நகர்த்தினார்கள். டிசம்பர் 2 அன்று கலேவா அவர்கள் வசமானது. சிண்ட்வின் ஆற்றின் குறுக்கே அங்கே சில நாளில் எழுந்த 350 மீட்டர் பெய்லி பாலம் அப்போது உலகிலேயே நீளமானது. மாந்தளையை நோக்கிய பெரும் படை அதன் வழியே போனது.

கலதான் பள்ளத்தாக்கின் தலைச்சுமை

பர்மாவில் போரிட்ட மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன்கள் இரண்டு: 81, 82. முப்பது ஆண்டுக்கு முன் தந்தையர் செய்ததை மகன்கள் அரக்கான் மலைகளில் செய்தார்கள். கழற்றிய பீரங்கிகளும் குண்டுகளும் மறுபடி தலையில் ஏறின. 81வது டிவிஷன் சிரிங்காவிலிருந்து தலெத்மே வரை 75 மைல் ஜீப் பாதையைக் கையாலேயே வெட்டியது. கலதான் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு அரிசி முதல் பீரங்கிக் குண்டு வரை எல்லாமே விமானத்திலிருந்துதான் விழுந்தன. கோவேறுகழுதை போகாத சரிவிலும் போக முடிந்த படை அது.

தோள்பட்டையில் சிலந்தி

81வது டிவிஷனின் சின்னம் அனன்சே என்ற சிலந்தி. மேற்கு ஆப்பிரிக்க நாட்டார் கதைகளில் தந்திரத்தால் பெரிய விலங்குகளை வெல்லும் நாயகன் அது. 82வது டிவிஷனுக்குச் சுமைதூக்குபவரின் தலைச் சும்மாடும் குறுக்கிட்ட ஈட்டிகளும். 11வது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷனுக்குக் காண்டாமிருகத் தலை. எந்தச் சுமையை ஏற்றி நடந்தார்களோ அந்தச் சும்மாட்டையே சின்னமாக அணிந்து போரிட்டது 82வது டிவிஷன்.

அதிகாரியாக முடிந்தது யாரால்?

ஆப்பிரிக்க வீரர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அதிகாரி ஆக முடியாது என்பதே அன்றைய நடைமுறை. அதை உடைத்த முதல்வர் கோல்டு கோஸ்ட்டின் சேத் அந்தோணி. ஆசிரியராக இருந்தவர், 1942இல் மன்னரின் ஆணைபெற்ற அதிகாரியாகி, பர்மாவில் 81வது டிவிஷனில் போரிட்டார். கானா விடுதலை பெற்றபின் அந்நாட்டின் தூதரகப் பணியில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கர்களுக்கோ போர் முடியும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. வாரண்ட் அதிகாரி பதவியோடு அவர்களின் ஏணி முடிந்தது.

நிறம் பார்த்துத் தந்த பணம்

பர்மாவில் விழுந்த குண்டு நிறம் பார்க்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் பார்த்தார்கள். போர் முடிந்து வீரர்களை வீட்டுக்கு அனுப்பியபோது தரப்பட்ட பணிக்கொடை, பதவியோடு தோல் நிறத்தையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அதே பதவியில் இருந்த வெள்ளையருக்குக் கிடைத்ததில், சில வேளைகளில், மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கறுப்பின வீரருக்குக் கிடைத்தது. இதைக் காட்டும் அரசு ஆவணம் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. தொண்ணூறைக் கடந்த முன்னாள் வீரர்கள் சிலர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள்.

போர் கற்றுக்கொடுத்த வேறு பாடம்

கென்யாவின் வருஹியூ இட்டோட்டே காலாட்படை வீரராக இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய்வந்தவர். உலகின் மறுகோடியில் சுதந்திரத்துக்காகச் சாகச் சொன்னவர்கள், தன் ஊரில் அதே சுதந்திரத்தைத் தர மறுத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. 1950களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் போராட்டத்தில் ஜெனரல் சைனா என்ற பெயரோடு மலைக்காட்டில் படை நடத்தினார். 1954இல் பிடிபட்டு, மரண தண்டனையிலிருந்து தப்பி, நெடுங்காலம் சிறையில் இருந்தார். பர்மாவில் போரிட அனுப்பப்பட்ட பிள்ளைகளின் நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. 1961இல் டாங்கனிக்கா, 1962இல் உகாண்டா, 1963இல் கென்யா, 1964இல் மலாவியும் (நியாசலாந்து) சாம்பியாவும் (வடரொடீசியா).

இரண்டு கப்பல்கள், இரண்டு நினைவுகள்

1917 பிப்ரவரி 21 அன்று மெண்டி என்ற கப்பல், மூடுபனியில் இன்னொரு கப்பல் மோதி இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 600க்கு மேற்பட்ட கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்கள் இறந்தார்கள். இன்றைய தென்னாப்பிரிக்கா அந்த நாளையே தன் ஆயுதப் படை தினமாகக் கொண்டாடுகிறது. வீரதீர விருதுக்கும் மெண்டியின் பெயரைச் சூட்டியிருக்கிறது. கெடிவ் இஸ்மாயிலில் இறந்தவர்கள் அதைவிடப் பலர். அவர்களின் நாளை எந்த நாடும் தன் நாளாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் ஐந்தாறு நாடுகளின் பிள்ளைகள். அந்நாடுகளெல்லாம் பிறக்கும் முன்பே இறந்தவர்கள்.

பெயர்கள் இருக்கின்றன

நைரோபிப் போர்க் கல்லறையில் கிழக்கு ஆப்பிரிக்க நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. கல்லறை இல்லாமல் போன வீரர்களுக்காக எழுப்பப்பட்டது. எத்தியோப்பியாவை நோக்கிய படையெடுப்பிலும் மடகாஸ்கரிலும் இறந்தவர்களோடு, 301வது களப் பீரங்கி ரெஜிமென்ட்டின் வீரர்களும் அதில் பெயர் பெற்றிருக்கிறார்கள். முதல் போரின் சுமைதூக்கிகளுக்குக் கிடைக்காத மரியாதை இது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர்களை யாரும் எங்கிருந்தும் தேடிப் படிக்கலாம். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் பார்த்தால் அவர்கள் இறந்த கடல் மொம்பாசாவைவிட நமக்குத்தான் பக்கம். வரும் பிப்ரவரி 12 அன்று அதில் பத்துப் பெயர்களையாவது வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.